ராசியான கை

ஸ்ரீரங்கத்தில் என் மாமா வீட்டுத் தெருவில் யாருக்கு எந்தக் குழப்பம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பெரிய அறிவாளி என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. எங்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கே.கே. நகரில். சனிக்கிழமை தோறும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வருவாள். நான் வருவதற்காகத் தெருவில் இரண்டு மூன்று வீட்டில் காத்திருப்பார்கள். என் வேலை பொட்டலம் எடுப்பது.

பூப் போட்டுப் பார்ப்பது என்பார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொரு துண்டில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுப்பதற்கு ஒரு குழந்தை வேண்டும். என்ன விஷயமாகப் பூப் போடுகிறார்கள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியக் கூடாது. ஆசையில்லாத கை வழியாகத்தான் சாமி பேசும் என்று நம்பிக்கை. பெரியவர்களுக்குக் கை நிறைய ஆசை இருந்ததால் ஆளுக்கு ஆள் குழந்தை தேடினார்கள்.

என் கைக்கு எப்போதும் வெள்ளைதான் வரும். ராசியான கை என்று பெயர் வாங்கிவிட்டேன். கோடி வீட்டு அக்காவின் கல்யாணம் நான் எடுத்த பொட்டலம். எதிர் வீட்டுக்காரர் வாங்கிய பழைய காரும் நான் எடுத்ததுதான். அந்தக் கார் பாதி நாள் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுபோகும். கோடி வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை.

இதில் ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெள்ளை என்றால் மல்லிகை. சிவப்பு என்றால் அரளி. மல்லிகையை எத்தனை மடிப்பு மடித்தாலும் மணக்கும். அரளிக்கு வாசனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நான் விழுந்து கும்பிடுகிற மாதிரி முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், எது மணக்கிறதோ அதை எடுப்பேன். சின்னப் பிள்ளை வேறு எதை எடுக்கும்? எப்படி எடுக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தால் ஒரு வாழைப்பழமோ கற்கண்டோ கிடைக்கும், வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள். குடியா, அடியா, வேறு தொடர்பா என்று விசாரித்தவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. தெருவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். அப்பா முசிறிப் பக்கத்து ஆள், ரயில்வேயில் வேலை, நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். அம்மாவுக்குப் பேச்சு வேண்டும். சாம்பார் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அப்பா தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோவார், அதுதான் பதில். அம்மா பல வருஷம் சுவரோடு பேசிப் பார்த்தாள். அந்த முழுப்பரீட்சை லீவில் என்னையும் துணிப்பைகளையும் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தாள். லீவு முடிந்தது. நாங்கள் திரும்பிப் போகவில்லை.

மாமா வீட்டில் நானும் அம்மாவும் ஹாலில் படுத்தோம். அத்தையைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய வீட்டில் திடீரென்று இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் அவள் என்ன செய்வாள். ஆனால் நான் எந்தப் பொருளை எங்கே வைத்தாலும் அரை மணி நேரத்தில் அது வேறு இடத்தில் இருக்கும். பென்சில் டப்பா ஜன்னலிலிருந்து அலமாரிக்குப் போகும், அலமாரியிலிருந்து ஃபிரிட்ஜ் தலைக்குப் போகும். அப்பா வீட்டில் நான் மேஜைமேல் விட்டுவந்த ரப்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகும்போதும் அதே மூலையில் கிடக்கும். அப்பா அதைத் தொடவே மாட்டார், தூசிகூடத் தட்ட மாட்டார்.

எனக்கு அப்பாவோடு இருக்க வேண்டும் என்று ஆசை. இதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவைப் பிடிக்காமல் போய்விடவில்லை. அம்மா அழுதால் நான் பக்கத்தில் போக வேண்டும், ஏன் அழுகிறாய் என்று கேட்க வேண்டும், கேட்டால் இன்னும் கொஞ்சம் அழுவாள். அப்பாவிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மிளகு தூக்கலாக ஒரு ரசம் வைப்பார், இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிடுவோம், அவர் பேப்பர் படிப்பார், நான் சைக்கிள் ஓட்டப் போவேன். என் சைக்கிளும் அங்கேதான் இருந்தது.

நான் யாரிடம் இருப்பது என்று கேஸ் நடந்தது. இரண்டு பேருமே என்னைக் கேட்டார்கள். மாமாதான் வக்கீலைப் பிடித்தார். கருப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்த அந்த வக்கீல், காபி குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாப்பாவுக்குப் பத்து வயசு ஆச்சுல்ல. ஜட்ஜம்மா தனியாக் கூப்பிட்டுப் பாப்பாவோட இஷ்டத்தைக் கேப்பாங்க. அதுதாங்க முக்கியம்."

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் என் இஷ்டத்தைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அத்தை என் தோசைக்கு மட்டும் நெய் விட்டாள். மாமா தன் பைக்கின் முன்னால் என்னை உட்காரவைத்துக் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "உன் இஷ்டம்தாண்டா பாப்பா, மாமா எதுவும் சொல்ல மாட்டேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், நான் எதைச் சொன்னால் இந்த ஐஸ்கிரீம் நின்றுபோகும் என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வருவார். வீட்டுக்குள் வர மாட்டார். தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஒரு தடவை ஹாரன் அடிப்பார். சாயங்காலம் அதே முனையில் இறக்கிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் நான் என் பையை ஹால் மூலையில் வைத்துவிடுவேன். பிரிக்க மாட்டேன். துணியெல்லாம் அப்படியே உள்ளே இருக்கும், வேண்டியதை மட்டும் அதிலிருந்து உருவிப் போட்டுக்கொள்வேன்.

"பையை எடுத்து வைக்கலியா பாப்பா?" என்பாள் அம்மா.

"நாளைக்கு வைக்கிறேம்மா."

அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தப் பை அங்கேயே இருக்கும். அந்த வீட்டில் இடம் மாறாமல் இருந்த ஒரே பொருள் அதுதான். அத்தை அதை நகர்த்தப் போகும்போதெல்லாம் அம்மா, "இருக்கட்டும் அண்ணி" என்று தடுத்ததும் நினைவிருக்கிறது.

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை, காலை டிபன் முடிந்ததும் அம்மா மாமாவிடம் பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, கொழந்தையை எதுக்குக் கஷ்டப்படுத்தணும். பூப் போட்டுப் பாத்துடுவோம். சாமி என்ன சொல்லுதோ அதும்படி நடந்துக்குவோம். கோர்ட்டுலயும் அதையே சொல்லிடலாம்."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பற்றி அவருக்குத் தெரியாதா. "வெள்ளைன்னா நம்மகிட்ட, சிவப்புன்னா அவங்க அப்பாகிட்ட" என்று அவரே தீர்ப்பு எழுதினார். அத்தைக்குத்தான் ஒரு நெருடல்.

"வெவரம் தெரிஞ்ச புள்ளை எடுக்கக் கூடாதுங்க. அதுவும் அவ விஷயத்துக்கு அவளேவா?"

"வேற புள்ளைக்கு எங்க போறது? இவ கை ராசி ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு மாமா தானே கடைக்குப் போய் மல்லிகையும் அரளியும் வாங்கி வந்தார். சட்டப்படி ஆசையில்லாத கை வேண்டும். என் கையில் ஆசை இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. எல்லோருக்கும் வெள்ளை வேண்டியிருந்தது.

அம்மா பூவையும் இலையையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தனியாக உட்கார்ந்து கட்டி எடுத்துவந்தாள். மிச்ச மல்லிகையை அத்தையிடம் கொடுத்தாள், அத்தை தலையில் வைத்துக்கொண்டாள். பொட்டலங்கள் இரண்டும் பெருமாள் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தன. விளக்கேற்றினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் எதை எடுப்பது என்று முன்னாடியே யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். பயமாக இருந்தது. மணக்கிறதை எடுத்தால் அம்மா, மணக்காததை எடுத்தால் அப்பா. சாமி சொல்லட்டும் என்று அம்மா சொன்னாளே தவிர, சாமி வாயை நான்தான் திறக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். பழக்கப்படி குனிந்தேன். முதல் பொட்டலத்தில் இலையின் பச்சை வாசனை. மல்லிகை இல்லை. சரி, இன்னொன்றில் இருக்கும் என்று அதன் பக்கம் முகத்தைத் திருப்பினேன். அதிலும் இலை வாசனைதான்.

சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் பின்னால் நின்ற அத்தையின் தலையிலிருந்து மல்லிகை வாசனை நன்றாக வந்துகொண்டிருந்தது. மூக்கில் ஒரு கோளாறும் இல்லை. மறுபடி இரண்டையும் மோந்தேன். "நல்லா வேண்டிக்கோ பாப்பா, அவசரமில்ல" என்றார் மாமா.

இரண்டிலும் அரளி. கட்டியது அம்மா. நான் எதை எடுத்தாலும் அப்பாவிடம் போக வேண்டும் என்று கட்டியிருக்கிறாள். பத்து வயதில் எனக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. அம்மாவுக்கு நான் வேண்டாம்.

எனக்கு வேண்டியதே நடக்கப் போகிறது, துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, தொட்டால் அடுத்தவர் காலைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. கைக்கு வந்த ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா நாரைப் பிரித்தாள். சிவப்பாக அரளி. மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை எடுக்கச் சொல்லு. மூணு தடவை பாக்கறதுதான் முறை."

"சாமிகிட்டப் பேரம் பேசக் கூடாதுண்ணே. சொல்லிட்டாரு, முடிஞ்சுது" என்றாள் அம்மா. அவள் அண்ணனிடம் அவ்வளவு கறாராகப் பேசி நான் பார்த்ததில்லை. இன்னொரு பொட்டலத்தை யாரும் தொடுவதற்கு முன்னால் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நேராகப் பின்கட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அத்தை அடுப்படியிலிருந்து, "குழாயை நிறுத்தும்மா, டேங்க் காலியாயிடும்" என்று கத்தினாள். குளிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது கட்டியிருந்த புடவை நனையவில்லை, முகம் மட்டும் ஈரமாக இருந்தது. வந்து எனக்குச் சாதம் பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று ஞாபகம் இல்லை.

அம்மா தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று வக்கீலிடம் சொல்லியாயிற்று. அவர் நம்ப முடியாமல் மாமாவைப் பார்த்தார். மாமா கையை மேலே காட்டினார். "எப்படியானாலும் கொழந்தையைக் கேக்காம ஜட்ஜம்மா முடிக்க மாட்டாங்க" என்றார் வக்கீல்.

ஜட்ஜம்மாவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் கோர்ட்டைத் திட்டுவது வழக்கம். தனியறையில் மேஜைக்கு எதிரே இல்லாமல், என்னைத் தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். மின்விசிறி சத்தம் அதிகமாக இருந்ததால் நிறுத்தச் சொன்னார். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். கணக்கு என்றேன். எனக்குக் கணக்கு வராது என்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"உனக்கு யாரோட இருக்கணும்னு ஆசைம்மா?"

அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை நாள் உள்ளே வைத்திருந்தது. அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள், மாமா தடுக்க முடியாது, சாமியே கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் போக வேண்டும் என்று நானாக ஆசைப்பட்டபோது அது என் வீடாக இருந்தது. போ என்று அனுப்பும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாயா, தள்ளு பார்ப்போம் என்று ஒரு வீம்பு வந்தது. கோபம்கூட அதில் அதிகம் இல்லை. மரத்த காலை ஊன்றி எழுந்து நிற்கிற மாதிரி.

"அம்மாகூட இருக்கேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்பாவைப் பிடிக்காதா?"

"பிடிக்கும்."

"அப்புறம்?"

"அம்மாகூட இருக்கேன்."

"சரிம்மா. உன் இஷ்டத்தையும் கணக்குல எடுத்துக்கறேன்" என்று தலையைத் தடவினார். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அப்பாவைப் பிடிக்கும், அம்மாவோடு இருக்கிறேன்.

அம்மாவிடம் நான், ஞாயிற்றுக்கிழமையும் பாதி லீவும் அப்பாவிடம் என்று ஆனது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சாமி நம்மளச் சோதிச்சுப் பாத்திருக்காரு" என்று வக்கீலுக்கு விளக்கினார். அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், அல்லது ஏமாந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டில் எது என்று பார்க்கவே பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஒரே ஒரு தடவை "ஏன்டி?" என்று கேட்டாள். நான் ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, மணல்தான்.

அதற்கு முன்னால், கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்த அப்பா என்னிடம் வந்தார். "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். அந்த மனுஷன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக் கணக்கில் இரண்டை எனக்குச் செலவு செய்தார் என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லலாம். அன்றைக்கு வேடிக்கையாக இல்லை.

மறு வருஷம் அம்மா ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அதே தெருவில் மாடியில் ஒரு சின்னப் போர்ஷனை வாடகைக்கு எடுத்தாள். அங்கேதான் வளர்ந்தேன். சோறு, துணி, ஃபீஸ், காய்ச்சலுக்குக் கஷாயம் எதிலும் குறை வைக்கவில்லை. நானும் நன்றாகப் படித்தேன், எதிர்த்துப் பேசவில்லை. லாட்ஜில் ஒரே அறையில் தங்க நேர்ந்த இரண்டு நல்ல மனிதர்கள் மாதிரி இருந்தோம். லீவு விட்டுப் பரண்மேலிருந்து அம்மா பெட்டியை இறக்கும்போதெல்லாம், இந்த முறை திரும்பி வரச் சொல்ல மாட்டாள் என்று தோன்றும். அதற்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தால் கதவைத் திறப்பாள், நான் உள்ளே போவேன். தெருவில் அதற்கப்புறம் யாரும் என்னைப் பொட்டலம் எடுக்கக் கூப்பிடவில்லை. சிவப்பு வந்த கை என்று விஷயம் பரவிவிட்டது.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு கே.கே. நகருக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆபீஸ் பக்கம் என்று காரணம் சொன்னேன். வயது வந்தவர்களிடம் யாரும் இஷ்டம் கேட்பதில்லை, கேஸும் கிடையாது. "உன் இஷ்டம்" என்றாள் அம்மா. மேஜை மூலையில் என் பழைய ரப்பர் கல்லாக இறுகிக் கிடந்தது. அப்பா ரசம் வைத்திருந்தார். இத்தனை வருஷமாக ஆசைப்பட்ட வீடு, நுழைந்தபோது நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வருவாள். முக்கியமான எதையும் அங்கேதான் சொல்வாள், வீட்டில் சொல்ல மாட்டாள். பஸ் வந்துவிட்டால் பேச்சு தானாக முடிந்துவிடும் என்று ஒரு வசதி. போன மாசம் அப்படித்தான், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உன் கோடி வீட்டு அக்கா வந்திருந்தா. அவளுக்கும் கேஸு நடக்குதுல்ல, பையனைக் கூப்பிட்டுக் கேக்கப் போறாங்களாம். பூப் போட்டுப் பாக்கட்டுமாக்கான்னு என்னைக் கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்." புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு உனக்கு ரெண்டு பொட்டலத்துலயும் அரளிதான் கட்டினேன் பாப்பா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மல்லி வாசனையே வரலியேம்மா. நான் எப்பவுமே மோந்து பாத்துத்தான் எடுப்பேன்."

அம்மா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி. அப்ப தெருவுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தியே?"

"எல்லாமே மோந்து பாத்ததுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உனக்கு அப்பாகிட்ட இருக்கணும்னு இருந்துச்சு. பையைக்கூடப் பிரிக்க மாட்டியே, எனக்குத் தெரியாதா? நீ உன் வாயால சொன்னா அம்மாவை விட்டுட்டு வந்துட்டோமேன்னு காலம் பூரா உனக்கு உறுத்தும். நான் விட்டுக் குடுத்தா உங்க மாமா என்னை உயிரோட விட மாட்டாரு. சாமி சொல்லிட்டா யாரும் யாரையும் கேக்க முடியாதுல்ல. அதான் அப்படிக் கட்டினேன். நீ போயி ஜட்ஜம்மாகிட்ட மாத்திச் சொல்லிட்ட. இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"நீ என்னை வேண்டாம்னு கட்டினதா நெனச்சேன்."

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் அசையாததால் விசிலடித்துவிட்டுப் போனார். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்ப உனக்கு என்னதான்டி வேணும்னு இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யாரோடு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் இதற்கு முன்னால் யோசித்ததில்லை, ஆனால் பதில் அங்கேயே தயாராக இருந்தது.

"அப்பாகிட்டப் போகணும். நீ, போகாதேன்னு அழணும். ரெண்டும் வேணும்."

"இதை ஜட்ஜம்மா எப்படி ஆர்டர்ல எழுதுவாங்க?"

சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. பிறகு அவள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அழுதேனே. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன்."

அடுத்த பஸ் முனையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. டேங்க் காலியாகிவிடும் என்று அன்றைக்கு அத்தை கத்தியது எனக்கு ஞாபகம் வந்தது.